கடிகாரச் சக்கரத்துக்குப் பல் வெட்டுவது: டிவைடிங் ஹெட், ஃப்ளை கட்டர், 96 பல்

கோவையில் கியர் வெட்டித் தரும் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை. கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ ஒரு தெருவுக்குள் நுழைந்தால் ஹாபிங் மெஷின் சத்தம் காதில் விழாமல் வெளியே வர முடியாது. ஆனால் ஒரு பழைய கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போய், இந்தச் சக்கரம் ஒன்று வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பல் எண்ணிக்கை சரியாக இருக்கும், விட்டம் சரியாக இருக்கும், வேலை சுத்தமாக இருக்கும். மாட்டினால் கடிகாரம் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு நின்றுவிடும். நான் மில்லிங் ஜாப் வொர்க் செய்கிறவன். கடிகார வேலைக்குள் வந்ததே இப்படி நின்றுபோன ஒரு சக்கரத்தால்தான்.

டவுன்ஹால் பக்கம் கடிகாரக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் அதைக் கொண்டுவந்தார். குன்னூரில் ஒரு எஸ்டேட் பங்களாவில் இருந்த கிராண்ட்ஃபாதர் கிளாக், ஆள் உயரப் பெட்டிக் கடிகாரம். இங்கிலாந்துச் சரக்கு, எட்டு நாளைக்கு ஒருமுறை சாவி கொடுப்பது. எடை தொங்கும் முதல் சக்கரத்தை யாரோ எப்போதோ ஒரு கியர் பட்டறையில் புதிதாக வெட்டி மாட்டியிருக்கிறார்கள்.

“தம்பி, பல்லு எண்ணிப் பார்த்துட்டேனுங்க. தொண்ணூத்தாறு சரியாத்தான் இருக்குது. அப்புறம் ஏனுங்க நிக்குது?”

“எடை எவ்வளவு தொங்குதுங்கய்யா?”

“பன்னெண்டு பவுண்டுதான் இருக்கோணும். நிக்குதேன்னு இன்னும் ரெண்டு இரும்பைக் கட்டி விட்டிருக்காங்க.”

விஷயம் அதற்குள்ளேயே இருந்தது. எடையைக் கூட்டினால்தான் ஓடுகிறது என்றால் சக்தி எங்கோ உராய்விலேயே தின்னப்படுகிறது. சக்கரத்தை லென்ஸில் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. இன்வால்யூட் பல், அதாவது மெஷின் கியருக்கு வெட்டும் வளைவு.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. நாம் தினமும் வெட்டும் மெஷின் கியரில் பெரும்பாலும் சின்னது பெரியதைச் சுழற்றும், வேகம் குறையும், கியர் எண்ணெயிலோ கிரீஸிலோ முழுகிக் கிடக்கும். கடிகாரத்தில் எல்லாமே தலைகீழ். பெரிய சக்கரம் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது, வேகம் கூடிக்கொண்டே போகிறது, பல்லில் எண்ணெயே போடக் கூடாது. எண்ணெய் போட்டால் தூசி ஒட்டும்; அந்தத் தூசி மெத்தென்ற பித்தளைக்குள் பதிந்து, எதிரே இருக்கும் கெட்டி எஃகுப் பினியனை அரம் போல ராவிவிடும். பழைய கடிகாரங்களில் பித்தளைச் சக்கரம் நன்றாக இருக்க, எஃகுப் பினியன் குழி விழுந்து கிடப்பது இதனால்தான்.

பினியனில் இருப்பது எட்டே பல். 20 டிகிரி இன்வால்யூட்டில் 17 பல்லுக்குக் கீழே போனாலே அடிப்பக்கம் அரிந்துகொள்ளும் என்பது கியர் வெட்டுகிற எல்லோருக்கும் தெரியும். கடிகாரக்காரர்கள் சைக்ளாய்டு வளைவைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். சக்கரப் பல்லின் தலை எபிசைக்ளாய்டு (ஒரு வட்டத்தின் மேல் உருளும் இன்னொரு வட்டத்தின் புள்ளி வரையும் வளைவு), பினியன் பல்லின் பக்கவாட்டு மையத்தை நோக்கிப் போகும் நேர்கோடு. இந்த ஜோடியில் இரண்டு மையங்களையும் இணைக்கும் கோட்டைத் தாண்டிய பிறகுதான் தள்ளல் பெரும்பாலும் நடக்கும். பல்லும் பல்லும் விலகிக்கொண்டே தள்ளும், உராய்வு குறைவு. கோட்டுக்கு முன்னாலேயே தொட்டால் ஒன்றை ஒன்று குத்திக்கொண்டு உள்ளே வரும். உலர்ந்த பல்லில் அது பிரேக் பிடிப்பதற்குச் சமம். பத்துப் பல்லுக்குக் குறைந்த பினியனில் இதை முழுக்கத் தவிர்க்க முடியாது, ஆனால் வளைவு சரியாக இருந்தால் தாங்கும் அளவுக்குள் நிற்கும். குன்னூர்க் கடிகாரத்தில் இன்வால்யூட் பல்லால் அந்த உராய்வு அளவைத் தாண்டிவிட்டது.

ஆக, புதுச் சக்கரம். முதல் வேலை கணக்கு.

96 என்ற எண்ணையே முதலில் சரிபார்த்தேன். முன்னே வெட்டியவர் எண்ணியது சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்த வகைக் கடிகாரத்தில் நடுச் சக்கரம் 60, அது ஓட்டும் பினியன் 8, மூன்றாம் சக்கரம் 56, எஸ்கேப் பினியன் 7, எஸ்கேப் சக்கரம் (பெண்டுலம் ஒவ்வொரு பல்லாக விடும் கடைசிச் சக்கரம்) 30. நடு அச்சு மணிக்கு ஒரு சுற்று. 60-ஐ 8-ஆல் வகுத்து, 56-ஐ 7-ஆல் வகுத்துப் பெருக்கினால் 60. எஸ்கேப் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு சுற்று. 30 பல், ஒரு பல்லுக்கு இரண்டு டிக், நொடிக்கு ஒரு டிக். பெண்டுலம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் இருப்பதும் இதோடு பொருந்தும். முதல் சக்கரம் 96, நடுப் பினியன் 8 என்றால் முதல் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் டிரம் 12 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. டிரம்மில் கயிறு பதினாறு சுற்று சுற்றினால் 192 மணி, அதாவது எட்டு நாள். எல்லாம் ஒத்துப்போகிறது.

அடுத்தது மாட்யூல், அதாவது பல்லின் பருமனைச் சொல்லும் எண். தேய்ந்த சக்கரத்தின் ஓ.டி.-யை (வெளிவிட்டத்தை) மட்டும் நம்பக் கூடாது. ரிப்பேர் வேலையில் நமக்கு மாறாத அளவு ஒன்றுதான்: கடிகாரத் தகட்டில் சக்கரத்தின் அச்சும் பினியனின் அச்சும் நிற்கும் இரண்டு துளைகளுக்கும் இடையே உள்ள தூரம். அதை 35.4 மி.மீ. என்று அளந்தேன். இரண்டால் பெருக்கி, இரண்டு பல் எண்ணிக்கையின் கூட்டுத்தொகை 104-ஆல் வகுத்தால் 0.68. பி.சி.டி., அதாவது பல்லும் பல்லும் சேரும் கற்பனை வட்டத்தின் விட்டம், 65.28 மி.மீ. ஓ.டி.-க்கு சைக்ளாய்டு சக்கரத்தில் பல் எண்ணிக்கையோடு 2.76 கூட்டி மாட்யூலால் பெருக்க வேண்டும். நம் இன்வால்யூட் பழக்கத்தில் 2 கூட்டினால் பல்லின் மூக்கு குட்டையாகிவிடும். 98.76 பெருக்கல் 0.68, அதாவது 67.16. பல்லின் மொத்த ஆழம் மாட்யூலைப் போல 2.95 மடங்கு, ஏறக்குறைய 2 மி.மீ. பி.சி.டி.-யில் பல்லின் தடிமனும் இடைவெளியும் சமம்: 1.07 மி.மீ. இந்த ஐந்து எண்களையும் ஒரு அட்டையில் எழுதி மெஷினில் ஒட்டிவிட்டுத்தான் கையை வைப்பேன்.

இனி மெஷின். கடிகாரச் சக்கரம் வெட்டும் எந்திரத்தை 1670-களில் லண்டனில் ராபர்ட் ஹூக் அமைத்தார் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு முன்னால் வட்டத்தைப் பிரித்துக் கோடு கீறி, ஒவ்வொரு பல்லாக அரத்தால் ராவி எடுத்தார்கள். லங்காஷயரில் பிரெஸ்காட், லிவர்பூல் பக்கத்து ஆட்கள் பிறகு இந்த எந்திரங்களைச் செய்து நாடு முழுக்க விற்றார்கள். படத்தில் பார்த்தால் அதில் மூன்றே பகுதிதான் தெரியும். வட்ட வட்டமாகத் துளை போட்ட பெரிய பித்தளைத் தட்டு ஒன்று, அதன் அச்சிலேயே மேலே மாட்டிய சக்கர வில்லை (பல் வெட்டாத வட்டத் தகடு), கையால் சுற்றி மேலிருந்து இறக்கும் கட்டர். தட்டு ஏன் அவ்வளவு பெரிது என்றால், தட்டில் துளை கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தாலும் அதைவிடச் சிறிய சக்கரத்துக்கு வரும்போது பிழையும் சிறிதாகிவிடும்.

நம் பட்டறையில் இருக்கும் மில்லிங் மெஷினும் டிவைடிங் ஹெட்டும் (வேலையைச் சம பங்குகளாகத் திருப்பி நிறுத்தும் கருவி) அதே மூன்று பகுதிதான், கூடவே ஒரு வரம்: உள்ளே இருக்கும் 40-க்கு 1 வார்ம், திருகு வடிவக் கியர். கைப்பிடியை 40 சுற்று சுற்றினால்தான் வேலை ஒரு சுற்று திரும்பும். 50 மி.மீ. ஆரத்தில் இருக்கும் ஒரு துளை 0.1 மி.மீ. தள்ளிப் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேரடித் தட்டாக இருந்தால் நம் சக்கரத்தின் விளிம்பில் அது 0.067 மி.மீ. பிழை, கடிகாரத்தில் உணரக்கூடிய அளவு. வார்முக்குப் பின்னால் இருந்தால் அதில் நாற்பதில் ஒரு பங்கு, இரண்டு மைக்ரானுக்கும் கீழே. அதனால் தனியாக வீல் கட்டிங் எஞ்சின் இறக்குமதி செய்ய வேண்டுமா என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது, ஆட்டம் இல்லாத ஒரு டிவைடிங் ஹெட் இருந்தால் போதும் என்றுதான். லேத் மட்டும் வைத்திருப்பவர்கள் ஸ்பிண்டிலின் பின்பக்கம் ஒரு இண்டெக்ஸ் தட்டையும், குறுக்கு ஸ்லைடில் மோட்டாரோடு ஒரு சின்ன ஸ்பிண்டிலையும் மாட்டி இதே வேலையைச் செய்யலாம்.

ஆனால் 96-இல் ஒரு முட்டுக்கட்டை உண்டு. நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் பிரவுன் அண்ட் ஷார்ப் தட்டுகள் (ஹெட் கைப்பிடியின் பின் விழும் துளைத் தட்டுகள்) மூன்றிலும் இருக்கும் துளை வட்டங்கள் 15 முதல் 20 வரை, பிறகு 21, 23, 27, 29, 31, 33, பிறகு 37, 39, 41, 43, 47, 49. 96 பல்லுக்குக் கைப்பிடி 40-ஐ 96-ஆல் வகுத்த அளவு, அதாவது பன்னிரண்டில் ஐந்து சுற்று போக வேண்டும். பன்னிரண்டால் வகுபடும் வட்டம் மேலே சொன்ன பட்டியலில் ஒன்றுகூட இல்லை. 60-க்கு வழி உண்டு, 56-க்கு உண்டு, 72, 78, 84 எல்லாவற்றுக்கும் உண்டு. கிராண்ட்ஃபாதர் கடிகாரத்தின் முதல் சக்கரத்துக்கு மட்டும் இல்லை.

சின்சினாட்டி வகைத் தட்டு வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை, அதில் 24 துளை வட்டம் இருக்கிறது. பத்துத் துளை நகர்த்தினால் முடிந்தது. இல்லாதவர்கள் 24 துளைத் தட்டை அந்த டிவைடிங் ஹெட்டை வைத்தே செய்துகொள்ளலாம். 5 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) தட்டை வட்டமாகக் கடைந்து ஹெட்டில் மாட்டி, ஒரு முழுச் சுற்றும் 15 துளை வட்டத்தில் பத்துத் துளையும் நகர்த்தி நகர்த்தி சென்டர் டிரில்லால் குத்தி, பிறகு பின் அளவுக்குத் துளையுங்கள். நீங்கள் செய்த தட்டில் சின்னப் பிழை இருந்தாலும், அதை வார்முக்குப் பின்னால் மாட்டும்போது நாற்பதில் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஒரு மெஷின் தன் பிழையைத் தானே குறைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் தருகிற ஒன்று.

ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகத் திரும்பும் மோட்டார்) வைத்துச் சுற்றும் இளைஞர்களுக்கு ஒரு குறிப்பு. 200 ஸ்டெப் மோட்டார், 40 வார்ம் என்றால் ஒரு சுற்றுக்கு 8000 ஸ்டெப். 96-ஆல் வகுத்தால் 83.33. மைக்ரோ ஸ்டெப்பைக் கூட்டினாலும் மூன்றால் வகுபடாது. புரோகிராமில் ஒவ்வொரு பல்லுக்கும் 83 என்று கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் 32 ஸ்டெப் மிச்சம் நிற்கும், 1.44 டிகிரி. ஒரு பல்லுக்கே 3.75 டிகிரிதான் இடம். அதனால் எப்போதும் பூஜ்ஜியத்திலிருந்து கணக்கிடுங்கள்: பல் எண்ணை 8000-ஆல் பெருக்கி 96-ஆல் வகுத்து, அதன் பிறகு முழு எண்ணாக்குங்கள். பிழை அரை ஸ்டெப்பைத் தாண்டாது, சேராது. கையால் சுற்றினாலும் மோட்டாரால் சுற்றினாலும் ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். துளையைத் தாண்டிப் போய்விட்டால் நன்றாகப் பின்னால் வந்து மறுபடி முன்னால் வாருங்கள். தட்டின் மேல் துளைக் கணக்கைக் காட்டும் செக்டார் ஆர்ம் இரண்டையும் பூட்டிவைத்துவிட்டு, துளைகளை வாயால் எண்ணுவதை விட்டுவிடுங்கள்.

கட்டருக்கு வருவோம். சைக்ளாய்டு வீல் கட்டர்கள் இங்கிலாந்திலும் சுவிட்சர்லாந்திலும் விற்கிறார்கள். சக்கரத்துக்கு ஒரு மாட்யூலுக்கு ஒரு கட்டர் போதும், எத்தனை பல்லானாலும் ஓடும். பினியனுக்கு மட்டும் பல் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி தனித்தனி. விலையோ அதிகம், ஒரே ஒரு சக்கரத்துக்காக வாங்க மனம் வராது. ஃப்ளை கட்டர்தான் வழி. ஒரு எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட், சுற்றிச் சுற்றி வெட்டும் ஒரே ஒரு முனை. பழைய கடிகாரத்தின் நல்ல சக்கரத்தில் தேயாத பல் இடைவெளி ஒன்றைக் கண்டுபிடித்துப் படமெடுத்து, இருபது மடங்கு பெரிதாக அச்சிட்டு, பிட்டைத் தீட்டித் தீட்டி அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். முனையின் அகலம் பி.சி.டி. மட்டத்தில் 1.07 மி.மீ. வர வேண்டும். அடிப்பக்கம் சதுரம், மேலே இரண்டு பக்கமும் பல்லின் தலைக்கான வளைவு. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதுதான் முக்கியம். வளைவு கணித சைக்ளாய்டிலிருந்து நூலிழை விலகினால் கடிகாரம் பொறுத்துக்கொள்ளும், ஒரு பக்கம் சாய்ந்தால் பொறுக்காது. பின்பக்கம் உரசாதபடி ரிலீஃப் என்ற சரிவு கொடுத்து, வெட்டும் முகத்தை எண்ணெய்க் கல்லில் பளபளப்பாக்கிவிட வேண்டும். கட்டரில் இருக்கும் கீறல் 96 பல்லிலும் பதியும்.

சாய்வு இன்னொரு வழியிலும் வரும். கட்டர் சக்கரத்தின் மையக் கோட்டில் நிற்காமல் மேலேயோ கீழேயோ இருந்தால், எல்லாப் பல்லும் ரம்பப் பல் போல ஒரே பக்கம் சாயும். என் ஏற்பாட்டில் டிவைடிங் ஹெட் படுத்திருக்கும், ஃப்ளை கட்டர் செங்குத்து ஸ்பிண்டிலில் பக்கவாட்டில் சுற்றும். ஆகவே உயரம்தான் மையம். அதைச் சரிபார்க்க, வேலைக்கு எடுக்காத ஒரு வில்லையை மாட்டி அதன் விளிம்பில் கட்டரால் மெல்லிய கீறல் ஒன்று போடுங்கள். ஹெட்டைச் சரியாக அரைச் சுற்று, அதாவது கைப்பிடியை இருபது சுற்று, திருப்புங்கள். உயரத்தைத் தொடாமல் டேபிளை மட்டும் நகர்த்தி, கட்டரை வில்லையின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோய்த் தொடுங்கள். முதல் கீறலிலேயே விழுந்தால் மையம் சரி. தள்ளி விழுந்தால் இடைவெளியில் பாதி தூரம் டேபிளை ஏற்றவோ இறக்கவோ வேண்டும். பிழை இரண்டு மடங்காகத் தெரிவதால் லென்ஸில் சுலபமாகப் பிடிபடும்.

பித்தளையில் கஞ்சத்தனம் வேண்டாம். பாத்திரத்துக்குப் போகும் மெத்தென்ற தகட்டில் வெட்டினால் பிசிறு இழுத்துக்கொண்டே வரும். ஈயம் கலந்த ஃப்ரீ கட்டிங் பித்தளை, ஐ.எஸ். 319 ராடு, கோவையில் எந்த அளவிலும் கிடைக்கிறது. அதிலிருந்து வில்லை வெட்டி எடுக்கலாம். பாதி கெட்டியான ஈயப் பித்தளைத் தகடு கிடைத்தால் இன்னும் நல்லது. வில்லையை மாண்ட்ரலில் (வேலையைப் பிடிக்கும் தண்டில்) மாட்டி, ஓ.டி.-யை அதே மாண்ட்ரலில் கடைந்து, கழற்றாமல் மாண்ட்ரலோடு டிவைடிங் ஹெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். டயல் கேஜில் 0.01-க்கு மேல் ஆட்டம் காட்டினால் வெட்டத் தொடங்க மாட்டேன். பின்னால் அதே விட்டத்தில் ஒரு துணைத் தட்டு கட்டாயம். கட்டர் வெளியேறும் பக்கம் பல் வளையாது, பிசிறும் அதிலேயே நின்றுவிடும்.

ஆழத்தை மைக்ரோமீட்டர் கணக்கில் மட்டும் விட மாட்டேன். விளிம்பு முழுக்க மார்க்கர் பேனாவால் நீல நிறம் பூசிவிடுவேன். முதலில் ஒன்றரை மி.மீ. ஆழத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடைவெளி. நடுவில் ஒரு முழுப் பல் கிடைக்கும், அதன் தலையில் அகலமாக நீலப் பட்டை. கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் ஏற்றி அதே இரண்டு இடைவெளியையும் மறுபடி வெட்டும்போது, இரண்டு பக்க வளைவும் நெருங்க நெருங்க நீலம் ஒடுங்கிக்கொண்டே வரும். அது தலைமுடி அளவுக் கோடாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். கோடு மறைந்த பிறகும் இறங்கினால் ஓ.டி. குறையத் தொடங்கிவிடும். டயலில் அந்த இடம் 2 மி.மீ.-க்கு ஒட்டி வந்தால் கட்டரின் வடிவமும் சரி என்று அர்த்தம். பிறகு டேபிளைப் பூட்டிவிட்டு மீதிப் பல்லை ஒரே ஆழத்தில் வெட்டிக்கொண்டே போகலாம். வேகம் 2000 ஆர்.பி.எம்.-க்குக் குறையாமல், ஊட்டம் (ஃபீட்) மெதுவாக, எண்ணெய் இல்லாமல். பித்தளைத் தூள் ஊசி போலத் தெறிக்கும், கண்ணாடி போடாமல் நிற்காதீர்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால் அந்த வெட்டை முடித்து, பின்னைத் துளையில் விட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

ஆரக்கால் அறுப்பது நகைப் பட்டறை ஆசாரிகளின் சன்ன ரம்பத்தால். கோவையில் அந்தக் கைகளுக்குக் குறைவில்லை, நான் தெரிந்த ஒரு ஆசாரியிடமே கொடுத்துவிடுகிறேன். பல் வெட்டிய பிறகுதான் அறுக்க வேண்டும். முன்னாலேயே அறுத்தால் வெட்டும்போது விளிம்பு நடுங்கும்.

வயர்கட்டில் (மின்பொறியால் கம்பி வெட்டும் மெஷினில்) கொடுத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். கொடுக்கலாம். பல்லுக்குப் பல் இடைவெளி அருமையாக வரும். ஆனால் வரைபடத்தை சைக்ளாய்டில் நீங்கள்தான் போட்டுக் கொடுக்க வேண்டும், வெட்டிய முகம் மங்கலாகச் சொரசொரப்பாக இருக்கும், 96 பல்லையும் பிறகு மெருகேற்ற வேண்டும். கூர்மையான ஃப்ளை கட்டர் விட்டுப்போகும் பளபளப்பு அதில் வராது. பித்தளையை லேசரில் வெட்டுவதைக் கடிகாரத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன், விளிம்பு சாய்ந்துவிடுகிறது. ஒன்றிரண்டு பல் மட்டும் போன சக்கரத்துக்கு இது எதுவுமே வேண்டாம்: பழைய பல் இருந்த இடத்தில் புறாவின் வால் வடிவத்தில் (டவ்டெயில்) காடி வெட்டி, பித்தளைத் துண்டைச் செருகி, ஈயப் பற்று வைத்து, பக்கத்துப் பல்லைப் பார்த்து ராவிவிடலாம். அசல் சக்கரம் பிழைக்கும்.

குன்னூர்க் கடிகாரத்தில் பினியன் பற்றியும் யோசிக்க வேண்டியிருந்தது. அதன் எட்டுப் பல்லிலும் பழைய சக்கரம் ஓடிய இடத்தில் பள்ளம். புதுச் சக்கரத்தை அந்தப் பள்ளத்திலேயே ஓட விட்டால் வெட்டியதெல்லாம் வீண். புதுப் பினியன் வெட்டி, கெட்டிப்படுத்தி, மெருகேற்றுவது பெரிய வேலை; அதற்கு முன்னால் பழைய கடிகாரக்காரர்களின் வழி ஒன்று இருக்கிறது. சக்கரத்தைத் தன் அச்சில் இரண்டு மி.மீ. தள்ளி உட்காரவைத்தால் பினியனின் தேயாத பகுதியில் ஓடும். தகடுகளுக்கு நடுவே இடம் இருந்தது, அப்படியே செய்தோம்.

கட்டியிருந்த இரும்பை எல்லாம் அவிழ்த்துவிட்டுப் பன்னிரண்டு பவுண்டு எடையை மட்டும் மாட்டினோம். ஓடியது. பெரியவர் அதோடு விடவில்லை. பத்துப் பவுண்டு மாட்டி ஒரு வாரம் கடையிலேயே ஓட்டிப் பார்த்தார். குறைந்த எடையில் ஓட்டிப் பார்ப்பதுதான் சக்கரத்துக்குச் சரியான பரீட்சை, முழு எடையில் தப்பித்துவிடும் குறை அதில் மாட்டிக்கொள்ளும். இப்போது அதே கடிகாரத்தின் மணியடிக்கும் பக்கத்தில் 84 பல் சக்கரமும் தேய்ந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் புதுத் தட்டு செய்ய வேண்டியதில்லை, 21 துளை வட்டத்தில் பத்துத் துளை போதும். மாட்யூலைத் தகட்டுத் துளைகளிலிருந்து மறுபடி அளந்து பார்த்துவிட்டு, இந்த ஃப்ளை கட்டரே அதற்கும் பொருந்துமா என்று முடிவு செய்யலாம் என்றிருக்கிறேன்.